கை சேராத வீடு

இருசாயி அன்றைக்கு இருபது பேருக்குக் களி கிண்டினாள். அவரைக்கொட்டையும் பலாக்கொட்டையும் போட்டு ஒரு பெரிய சட்டி நிறையக் குழம்பு வைத்தாள். மஞ்சு கலைந்து, எதிர் மேட்டு வீடுகளின் கூரைகள் தெரிந்து, வெயிலும் ஏறிவிட்டது. சாமை அறுக்க ஓர் ஆளும் வரவில்லை.

கடைசியில் வந்தவன் அவளுடைய தம்பி பழனிமுத்து ஒருத்தன்தான். அவனும் அருவா கொண்டுவரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே, இன்னும் ரெண்டு நாள் பார்க்கலாம் அக்கா என்றான். நேற்று இதே வாயால், பிரசிடெண்டான மாமா வீட்டுக்கெல்லாம் அந்தக் கட்டு பொருந்தாது, எல்லோரும் வருவார்கள், நீ சமைத்து வை என்று சொன்னவன் அவன்தான். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று இருசாயி கேட்டாள். தாகமில்லை என்றான். மேட்டில் ஏறிவந்த மூச்சு இன்னும் அவனுக்கு அடங்கவில்லை. கூடப்பிறந்த தம்பியே தன் வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்றதும் அவள் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

வளப்பூர் நாட்டில் அந்தக் காலத்தில் கூலிக்கு ஆள் வைத்து அறுக்கிற பழக்கம் கிடையாது. இன்றைக்கு உன் காட்டுக்கு நான், நாளைக்கு என் காட்டுக்கு நீ. அதற்குக் கை சேர்வது என்று பேர். ஒரு வீட்டு ஆண்பிள்ளை மேல் பெண் விஷயமாக வழக்கு வந்துவிட்டால், அது தீரும்வரை அந்த வீட்டோடு யாரும் கை சேரமாட்டார்கள். அதுதான் கட்டு. சண்டையில்லை, ஏச்சுப்பேச்சில்லை. வழியில் பார்த்தால் நல்லா இருக்கிறீர்களா என்றுகூடக் கேட்பார்கள். அந்த வீட்டுத் தண்ணீரைக் குடிக்கமாட்டார்கள், அந்தக் காட்டில் இறங்கமாட்டார்கள், அவ்வளவுதான். மலைக்காரர்களின் கோபம் சத்தம் போடாது. சத்தம் போட்டாலாவது பதில் சொல்லலாம்.

சாமையோ பொறுமையில்லாத பயிர். பழுத்த பிறகு நாலு நாள் விட்டால் காற்றடித்தாலே உதிரும். மழை விழுந்தால் மண்ணோடு படுத்து அங்கேயே முளைத்துவிடும். ஐப்பசி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூன்று ஏக்கரும் தலைசாய்ந்து நின்றது. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக ஒரு மாமனார், அடுத்த ஆடி வரைக்கும் சோறு இந்தக் காட்டில்தான். இருசாயி மழை வருமோ என்று தெற்கே பார்ப்பதும் பயிரைப் பார்ப்பதுமாக இருந்தாள். கிண்டிய களியில் பாதியை மாட்டுக்கு வைத்தாள்.

வழக்கு வந்தது அவள் புருஷன் சின்னையன் மேல். பஞ்சாயத்து யூனியன் வந்த புதிதில் நடந்த தேர்தலில் ஜெயித்துப் பிரசிடெண்டு ஆனவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதையும் தேர்தலுக்கு முந்தின மாசம்தான் கற்றுக்கொண்டார். ஆனால் செம்மேட்டிலிருந்து வளப்பூர் நாட்டுக்கு ஒரு மண் ரோடு வேண்டும் என்று ஆறு தடவை சேலத்துக்குப் போய், ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, உத்தரவு வாங்கி வந்தவர் அவர். ரோட்டு வேலைக்கு அவர்தான் பொறுப்பு. மற்ற ஊர்ப் பிரசிடெண்டுகள் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று கேள்வி. சின்னையன் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுத் தானும் மண் சுமப்பார்.

மலை ஆட்கள் போதவில்லை என்று அடிவாரத்திலிருந்தும் ஆள் வந்தது. கல் உடைக்க ஆண்களும் மண் சுமக்கப் பெண்களுமாகப் பதினைந்து பேர் தழைக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அதில் ஒருத்தி சென்னம்மாள். அவள் புருஷன் மாணிக்கம் கல் உடைக்கிறவன்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. காட்டு வேலையில் முன்னே நிற்கிறவர், சுமக்கிற பெண் ஒருத்தி தள்ளாடுவதைப் பார்த்தால் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். பின்னால் போய்க் கூடையை இறக்குவார். அவள் தலையிலிருக்கும் சும்மாட்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொள்வார். நீ போய் உட்கார், உன் பங்கு குறையாது என்று அதற்கு அர்த்தம். உட்கார் என்று வாய்விட்டுச் சொன்னால் உனக்கு முடியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்னதுபோல் ஆகிவிடும். அதை மலைப் பெண்கள் பொறுக்கமாட்டார்கள். சும்மாட்டுக்கென்று தனியாக ஒரு பழந்துணி அவர்கள் எல்லோரிடமும் இருக்கும்.

சென்னம்மாளுக்கு அன்றைக்குக் காய்ச்சல் விட்டு மறுநாள். கூடையோடு இரண்டு தடவை தள்ளாடினாள். சின்னையன் பார்த்தார். பின்னால் போனார். ஒரு கையால் கூடையை இறக்கினார், மறு கையால் சும்மாட்டை எடுத்தார். அது தனித் துணி இல்லை. அடிவாரத்துப் பெண்கள் செய்கிற மாதிரி அவள் தன் சேலை முந்தானையையே சுருட்டித் தலையில் வைத்திருந்தாள். ரவிக்கை போடாத உடம்பு. முந்தானை அவர் கையோடு போயிற்று. அவள் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்தாள். கல் உடைத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள்.

சின்னையன் முந்தானையை அவள் மேலேயே போட்டுவிட்டு, என்ன வேடிக்கை, வேலையைப் பாருங்கள் என்று ஆண்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாணிக்கம் சுத்தியலைக் கீழே வைத்தான். பெண்டாட்டியின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். அன்று சாயங்காலமே இருவரும் மலையிறங்கிவிட்டார்கள். பத்து நாளில் சேலத்துக்கு மனுப் போயிற்று. பிரசிடெண்டு வேலைக்களத்தில் வைத்துக் கூலிக்காரப் பெண்ணின் முந்தானையைப் பிடித்து இழுத்தார் என்று அதில் எழுதியிருந்தது. விசாரணைக்கு அதிகாரி வருவதாகச் செம்மேட்டுக்குக் கடிதம் வந்தது.

இருசாயிக்குத் தன் புருஷன் மேல் துளிச் சந்தேகமில்லை. தன் சும்மாட்டையே எத்தனையோ தடவை எடுத்த கை அது. தெரியாமல் நடந்த காரியத்துக்கு இவ்வளவு தண்டனையா என்றுதான் அவளுக்கு ஆற்றாமை. சின்னையனுக்கு அந்த நாட்களில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்கிற மாதிரி, ரோட்டு வேலைக்கும் போகமுடியாமல் காட்டு வேலையிலும் மனசு நிற்காமல், வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் வீட்டுக்கு இதே கட்டைப் போட்டபோது முன்னால் நின்று பேசியவர் அவர்தான். அந்த வருஷம் அந்த வீட்டுக் காடு உதிர்ந்ததை வழியில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. தனக்கு வந்தால்தானே தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

விசாரணை செம்மேட்டில் பள்ளிக்கூடத்துக் கட்டிடத்தில் நடந்தது. ஜீப் வந்து நின்றபோது முப்பது மலைக்காரர்கள் மரத்தடியில் காத்திருந்தார்கள். வழக்கத்துக்குச் சாட்சி சொல்லப் பழனிமுத்து திரட்டிய ஆட்கள். கை சேராதவர்கள் சாட்சிக்கு மட்டும் எப்படி வந்தார்கள் என்று கேட்கக்கூடாது. கட்டு வேறு, உண்மை வேறு. அந்த விஷயத்தில் அவர்களுக்குக் குழப்பமே கிடையாது. அடிவாரத்திலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர், சென்னம்மாளும் மாணிக்கமும். மலைப்பாதையில் ஏறிவந்த களைப்போடு சுவரோரம் நின்றார்கள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. எல்லோரையும் கேட்டார், பொறுமையாக எழுதினார். மழைக்கு முன்னால் ஜீப் இறங்கவேண்டுமே என்று நடுநடுவே ஜன்னலைப் பார்த்தார். ஒவ்வொருவராக வந்து சும்மாடு எடுக்கிற வழக்கத்தைச் சொன்னார்கள். மாதம்மாள் என்கிற அறுபது வயதுக்காரி, தன் சும்மாட்டைப் பிரசிடெண்டின் அப்பன் எடுத்திருக்கிறார், பிரசிடெண்டும் எடுத்திருக்கிறார், பொழுது விழுவதற்குள் இரண்டு பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னதும் அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பெண்களோடு நின்றிருந்த இருசாயிக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் மூச்சு வந்தது. முடிந்தது, நாளைக்கு அறுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியாக, நீ என்னம்மா சொல்கிறாய் என்று சென்னம்மாளைக் கேட்டார். அவள் சத்தமில்லாமல் பேசினாள். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது.

"வளக்கம்னு சொல்றாங்க. இருக்கட்டுங்க. எனக்கு அது தெரியாது. எங்கூட்டுப் பழக்கம் அவுருக்கும் தெரியாதுன்னே வெச்சுக்குவோம். மொதல்ல இழுத்தாருங்க. நான் முந்தானையக் கையில புடிச்சுக்கிட்டனுங்க. புடிச்சது அவுருக்குத் தெரியும். அப்பறமும் இழுத்தாரு. அந்த ரெண்டாவது இழுப்பு எந்த ஊரு வளக்கமுங்க?"

அதிகாரி மனுவைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு தடவை என்று அதில் இல்லை. மனு எழுதிக் கொடுத்தவன் அதையெல்லாம் எங்கே கேட்டான்? அவர் பேனாவை மூடாமல் சின்னையனைப் பார்த்தார்.

"இழுத்தது ஒரு தடவையா, ரெண்டு தடவையா?"

சின்னையன் தன்னைச் சுற்றி நின்ற முப்பது பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு தடவதானுங்க" என்றார்.

இருசாயிக்குப் புருஷனின் குரல் பதினெட்டு வருஷப் பழக்கம். கூட்டத்தில் பேசுகிற குரல், மாட்டை அதட்டுகிற குரல், இல்லாததைச் சொல்கிற குரல் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அவள் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

உள்நோக்கம் ஏதுமில்லை, வழக்கம் தெரியாததால் வந்த வினை, மனு தள்ளுபடி என்று எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். பழனிமுத்து மாமாவைக் கட்டிக்கொண்டான். யாரோ மலைவாழைச் சீப்பு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அந்தக் கும்மாளத்தில் அடிவாரத்துக்காரர்கள் எப்போது போனார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. இருசாயி மட்டும் பார்த்தாள். மாணிக்கம் முன்னால் போனான். சென்னம்மாள் பத்தடி விட்டுப் பின்னால் போனாள். ஒருவருக்கொருவர் பேச்சில்லை.

வீட்டுக்கு வந்ததும் சின்னையன் பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். அவர் கை கழுவுகிறவரை காத்திருந்துவிட்டுத்தான் இருசாயி கேட்டாள்.

"ஏனுங்க, பழந்துணிக்கும் கட்டுன சீலைக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாதுங்களா?"

சின்னையன் முகத்தைத் துடைக்கிறதுபோல் துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "அவ புடிச்சுக்கிட்டா. புடிச்சதும் தெரிஞ்சுபோச்சு. ஆனா அத்தன பேரு பாக்கறாங்க. எடுத்த கைய எப்படி உடறது? பிரசிடெண்டு கைய ஒரு கூலிக்காரி தடுத்துப்புட்டான்னு ஆயிருமேன்னு அந்த நேரத்துக்குத் தோணிப்போச்சு. வேற ஒண்ணும் மனசுல இல்ல புள்ள. அறப்பளீஸ்வரன் அறிய இல்ல."

"ஆபீசரு கேட்டப்ப ஏன் ஒரு தடவன்னீங்க?"

"முப்பது சனம் எனக்காக வந்து நிக்குது. வேற எப்படிச் சொல்லச் சொல்ற?"

அவர் சொன்னதை அவள் நம்பினாள். கெட்ட எண்ணம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் வேதனையாக இருந்தது. கெட்டவன் என்றால் கோபித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போயிருப்பாள்.

பொழுது இறங்குகிற நேரத்தில் பழனிமுத்து வந்தான். காலையில் இருபத்திரண்டு பேர் வருகிறார்கள், ஒரே நாளில் அறுத்துக் கட்டிவிடலாம், நீ வரப்பில் நின்று சொல்லவேண்டியதைச் சொல்லிவிடு அக்கா என்றான். வழக்குத் தீர்ந்தது என்று எந்த அதிகாரி எழுதினாலும், நாட்டுக்குத் தலைவரான நாட்டாரே சொன்னாலும், அந்த வீட்டுப் பெண் தன் வாயால் சொன்னால்தான் மலையில் கை சேரும். பெண்ணை வைத்து வந்த வழக்கைப் பெண்தான் முடிக்கவேண்டும் என்று எந்தக் காலத்திலோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இருசாயி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தெற்கே மேகம் கட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விடிந்ததும் வந்துவிட்டார்கள். இருபத்திரண்டு பேரும் காட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். எல்லோர் இடுப்பிலும் அருவா. மாதம்மாளும் வந்திருந்தாள். காற்று ஈரமாக வீசியது. ஒவ்வொரு தடவை வீசும்போதும் சாமை மணிகள் கீழே கொட்டுகிற சத்தம் இருசாயிக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டதோ என்னவோ. மூன்று மாசம் குனிந்து களையெடுத்த இடுப்பு அவளுடையது. ஒரு வார்த்தைதான். சொல்லிவிட்டால் மத்தியானத்துக்குள் பாதிக் காடு வீட்டுக்குள் வந்துவிடும். பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லிவிடலாம் என்றுதான் அவள் வரப்பில் ஏறினாள். ஏறி நின்றதும் பத்தடி விட்டுப் பின்னால் நடந்துபோனவளின் முதுகுதான் கண்ணுக்குள் வந்தது.

"சொல்லுக்கா" என்றான் பழனிமுத்து.

"தீரலீங்க சாமி. போயிட்டு வாங்க" என்றாள்.

இருபத்திரண்டு பேரும் சின்னையனைப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்திருந்தது. ஏன் என்று கேட்கிற வழக்கமில்லை, யாரும் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பினார்கள். பழனிமுத்து மட்டும் நின்றான்.

"ஆபீசரே தீத்துட்டுப் போயிட்டாரு. உனக்கென்னக்கா வந்துது?"

"ஆபீசரு ஊட்டுலயாடா நான் குடியிருக்கறேன்?" என்றாள்.

அவனும் போனான். இருசாயி குனிந்து அறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சின்னையனும் அடுத்த வரிசையில் இறங்கினார். இடுப்பு நிமிராமல் அறுத்தும் உச்சிப்பொழுது வரைக்கும் கால் ஏக்கர்தான் முடிந்தது. மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. கம்பளிக்குள் முடங்கியபடி, கூரைமேல் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டே அந்த வீடு கிடந்தது. நாம் என்ன தின்பது என்று மாமனார் படுக்கையிலிருந்து கேட்டார். இருசாயி அழுதாள். தான் செய்தது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. மழை நின்று போய்ப் பார்த்தபோது, படுத்த பயிரிலிருந்து பச்சையாக முளை கிளம்பியிருந்தது.

சின்னையன் அந்த வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துவந்து, கூட்டத்துக்குப் போடுகிற கதர்ச் சட்டையை எடுத்தார். போட்டுக்கொண்டார். என்ன நினைத்தாரோ, கழற்றி வைத்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

"கீழ போயிட்டு வாரேன்" என்றார்.

"நானும் வாரேனுங்க" என்றாள் இருசாயி.

மழைக்குப் பிறகு மலைப்பாதையில் இறங்குவது லேசில்லை. பாறையெல்லாம் வழுக்கல், ஓடையெல்லாம் முழங்கால் தண்ணீர். அட்டை கடித்தது. வழியில் சின்னையன் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். அவன் சுத்தியலை எடுத்து அடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். தொடர்ந்து இறங்கினார்கள்.

அடிவாரத்தில் கல் உடைக்கிற இடத்துக்குப் போய்ச்சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. அன்றைக்கு ரோட்டோரம் சிரித்த ஆட்களில் பலபேர் அங்கே இருந்தார்கள். மாணிக்கம் இவர்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் கல்லை அடித்துக்கொண்டிருந்தான். சென்னம்மாள் ஜல்லிக் கூடையோடு நின்றுவிட்டாள். சேலத்து ஆபீஸில் பேசியவர், மேடையில் பேசியவர், இங்கே நாக்கு எழாமல் தவித்தார். இருசாயி அவரைத் தூண்டவில்லை, தள்ளி நின்றாள்.

"மொதத் தடவ தெரியாம இழுத்தேன்" என்றார். "இந்தம்மா புடிச்சுக்கிட்டாங்க. சீலைன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சேதான் ரெண்டாவது தடவ இழுத்தேன். ஆபீசருகிட்டப் பொய் சொன்னேன். இந்தம்மா சொன்னதுதான் நெசம்."

கல் உடைக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. மாணிக்கத்தின் சுத்தியல்தான் கடைசியாக நின்றது. அவன் எழுந்து வரவில்லை. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். அந்த நாளிலிருந்து அவளை நிமிர்ந்து பார்க்காதவன்.

சென்னம்மாள் சின்னையனுக்கு ஒரு பதிலும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் இல்லை, போ என்றும் இல்லை. ஆண்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்கல்ல?" என்றாள்.

அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

திரும்பி ஏறும்போது இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டுமே என்ற கவலையைத் தவிர அவர்களுக்கு வேறு பேச்சில்லை. சின்னையன் வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்து அழுதார். இருசாயி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலிலிருந்த அட்டைகளைப் பிடுங்கிப் போட்டாள். சேலத்துக் காகிதத்தில் அவர் எப்போதோ குற்றமற்றவர் ஆகிவிட்டார். அங்கே இனி மாற்ற ஒன்றுமில்லை. அடுத்த தேர்தலில் நிற்பாரா, நின்றால் அந்த முப்பது பேர் ஓட்டுப் போடுவார்களா என்பதெல்லாம் அன்றைக்கு இரண்டு பேருக்கும் நினைப்பிலேயே இல்லை.

அவர்கள் மேட்டுக்கு வந்தபோது மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இருசாயி வீட்டுக்குள் போகவில்லை. நேரே காட்டுக்குப் போய் வரப்பில் ஏறி நின்றாள். எதிர் மேட்டைப் பார்த்து, கைகளை வாயருகே குவித்துக் கூப்பிட்டாள்.

"வளக்குத் தீந்துதுங்கோ..."

எதிர் மேட்டு வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். கொஞ்ச நேரம் அங்கே ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது தெரிந்தது. பிறகு மாதம்மாளின் குரல் வந்தது.

"வெடிஞ்சதும் அறுக்க வரட்டுமா தாயி?"

"அறுக்க ஒண்ணுமில்லீங்க" என்று இருசாயி திருப்பிச் சொன்னாள். "தீந்துதுன்னு மட்டும் சொன்னேன்."